வருமுன் காக்கும் வேதியியல்

ஒரு வேதிப்பொருளை உருவாக்கப் பல வழிகள் இருக்கலாம். எவ்வழியைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆலையின் தூய்மையும் அதனைச் சூழ்ந்து வாழும் மக்களின் பாதுகாப்பும் அமைகின்றன. இதற்குப் போபால் துயரமே சான்று.

போபாலில் இயங்கிய ஆலை கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லியைத் தயாரித்து வந்தது. முதலில் மெத்தில் அமீனும் பாஸ்ஜீனும் வினைபுரிந்து மெத்தில் ஐசோசயனேட் உருவாகும். பின்னர் அது நாப்தாலுடன் சேர்ந்து கார்பரிலாகும். இடைநிலைப் பொருளான அந்நச்சுத் திரவம் டன் கணக்கில் தொட்டிகளில் சேமிக்கப்பட்டது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, ஏறத்தாழ 40 டன் திரவம் இருந்த தொட்டியொன்றில் நீர் புகுந்தது. வினையில் எழுந்த வெப்பத்தால் திரவம் கொதித்து, நச்சு வாயுவாகி நகரின்மீது பரவியது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது; கசியும் வாயுவை எரிக்கும் கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை.

காவல் தவறியது உண்மை. ஆயினும், அதற்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு: அத்துணை நஞ்சு அங்கு ஏன் இருக்க வேண்டும்? அதே மூலப்பொருள்களை வரிசை மாற்றிச் சேர்க்கலாம். பாஸ்ஜீனை முதலில் நாப்தாலுடன் வினைபுரியச் செய்து, அதன்பின் மெத்தில் அமீனைச் சேர்த்தாலும் கார்பரிலே கிடைக்கும். இடையில் மெத்தில் ஐசோசயனேட் தோன்றுவதில்லை. பாஸ்ஜீனும் கொடிய நஞ்சே. எனினும், காக்க வேண்டிய நஞ்சுகளுள் ஒன்று குறைகிறது. நச்சு இடைநிலைப் பொருளைத் தவிர்க்க இயலாதபோது, அதனைச் சேமிக்காமல் உருவானவுடன் பயன்படுத்திவிடுதல் மற்றொரு வழியாகும்.

இத்தகைய சிந்தனையே பசுமை வேதியியல். இதன் 12 கொள்கைகளைப் பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் ஆகிய அறிஞர்கள் 1998இல் வெளியிட்டனர். கழிவு உண்டானபின் அகற்றுவதைவிட, உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பது அவற்றுள் முதலாவது. வலிநீக்கி மருந்தான இபுப்ரோஃபென் பழைய முறையில் 6 படிநிலைகளில் தயாரிக்கப்பட்டது. கணக்கீட்டின்படி மூலப்பொருள்களின் நிறையில் ஏறத்தாழ 40 விழுக்காடே மருந்தாகும். 1990களில் நடைமுறைக்கு வந்த புதிய முறையில் படிநிலைகள் 3 ஆயின. பயன் ஏறத்தாழ 77 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால், அம்முறைக்கு வினைவேகமாற்றியாக உதவும் ஹைட்ரஜன் புளூரைடு கடும் நஞ்சு. அது மீட்கப்பட்டு மீண்டும் பயன்பட்டாலும், அதனைக் கையாள்வோர்க்கு விழிப்பு தேவை. கழிவு குறைந்ததனாலேயே இடர் நீங்கிவிட்டது எனக் கொள்ளுதல் கூடாது.

எனவே, எவ்வளவு வீணாகிறது, எவ்வளவு நஞ்சு சேர்ந்திருக்கிறது என்னும் இரு வினாக்களையும் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். அவற்றை எழுப்ப வேண்டிய காலம், ஆலை வரைபடத்தில் இருக்கும் காலமே ஆகும்.