மகளின் உணவுத் தட்டைக் கவனியுங்கள்

நெய்வேலி நகரியத்தில் வாழும் நம் பெற்றோர், பெண்மக்களைப் படிப்போடு விளையாட்டிலும் ஊக்குவிப்பது நல்லதே. ஆனால், தன் உடலையே பகையாகக் கருதும் எண்ணம் ஒரு சிறுமியின் உள்ளத்தில் புகுந்துவிட்டால், அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

அமெரிக்காவின் கிறிஸ்டி ஹென்ரிக் சிறந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 1988ஆம் ஆண்டு புடாபெஸ்ட் போட்டியின்போது நடுவர் ஒருவர் அவரைப் 'பருமன்' என்று கூறி, எடையைக் குறைக்கச் சொன்னார். ஒல்லியான அந்தப் பெண் உணவைச் சுருக்கினார், உண்டதையும் வாந்தியெடுத்தார். ஒரு கட்டத்தில் அவரது எடை சுமார் 21 கிலோவாகக் குறைந்தது. 1994 ஜூலை 26 அன்று, உள்ளுறுப்புகள் செயலிழந்து, 22ஆம் வயதில் இறந்தார்.

அந்தச் சொல் ஒன்றே காரணமன்று. இது மனத்தைப் பற்றும் நோய், பிடிவாதமன்று. மெல்லிய உடலே மேன்மை எனப் போற்றப்படும் விளையாட்டுகளில் இந்த ஆபத்து மிகுதி. உழைப்புக்கேற்ற உணவு இல்லையெனில் மாதவிலக்கு நின்றுபோகும்; எலும்பு வலுவிழக்கும்; இதயம் தளரும்.

நம் இல்லங்களில் இதனை முதலில் அறியக்கூடியவர் தாயே. தொழுகை விலக்கான நாட்கள் மகளுக்குத் தொடர்ந்து மூன்று மாதங்கள் வராவிட்டால் வாளாவிருக்கலாகாது. உபரி நோன்புகள் திடீரெனப் பெருகினால், அது இறையச்சமா, உணவைத் தவிர்க்கும் உபாயமா என்று கனிவோடு கேட்டறிய வேண்டும்.

ஓயாது நோன்பு நோற்ற அபுத்தர்தா (ரலி) அவர்களை, ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் வற்புறுத்தி உண்ணச் செய்தார்கள். உடலுக்கும் உரிமை உண்டு என்பதை உணர்த்தினார்கள். ஸல்மான் கூறியது உண்மையே என நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். நோயாளிக்கு ரமளான் நோன்பிலும் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. கேலியையும் பட்டப்பெயரையும் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. அப்படியிருக்க, 'குண்டு' என்று மகளை நாமே அழைக்கலாமா?

பெற்றோரே, அவளை அதட்டாதீர்கள். எடையைப் பற்றிப் பேசாதீர்கள். ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். ஐயம் எழுந்தால் தாமதியாமல் மருத்துவரையும் மனநல மருத்துவரையும் நாடுங்கள். பயிற்சியாளரிடமும் தயங்காது பேசுங்கள். பதக்கம் இன்று கிட்டாவிடில் நாளை கிட்டும்; மகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக! ஆமீன்.