திரைப்பட நடிப்பு: கலையா, வெறும் பொழுதுபோக்கா?

‘எனக்குப் பிடித்த கலைஞர்’ என்று தலைப்புக் கொடுத்தால், இடைநிலைப்பள்ளி மாணவர் பலர் திரைப்பட நடிகரைப் பற்றி எழுதுவார்கள். “இதெல்லாம் ஒரு கலையா? பாடகர், நாட்டியக் கலைஞர்னு யாரையாவது எழுதக் கூடாதா?” என்று நாம் கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்பது நியாயம்தானா?

மறுப்பவர்களின் வாதம் வலுவானது. மேடையில் வசனம் தவறினால் தவறியதுதான். சினிமாவில் பத்து ‘டேக்’ எடுக்கலாம். சோகத்தை இசை கூட்டும். ‘முதல் மரியாதை’யில் (1985) ராதாவுக்குக் குரல் கொடுத்தவர் ராதிகா. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனை இன்னும் கடுமையானது. மாற்றமே இல்லாத ஒரு முகத்தைச் சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றொன்றில் துயரத்தையும் கண்டார்களாம். அப்படியானால் நடித்தது யார்? முகமா, கத்தரிக்கோலா?

இவ்வளவு உதவி இருந்தும் நடிகருக்கு மிஞ்சும் வேலை சிறியதன்று. படப்பிடிப்பு கதை வரிசையில் நடப்பதில்லை. இறுதிக் காட்சியை முதல் வாரத்திலேயே எடுக்கலாம். கைதட்ட எதிரே யாரும் இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையைத் துண்டு துண்டாக நடித்து, ஒட்டும்போது ஒரே ஆளாகத் தெரிய வைக்க வேண்டும். அதோடு, அளவும் தெரிய வேண்டும். அண்மைக் காட்சியில் இமை அசைந்தாலே திரை முழுவதும் அசையும்.

இந்த அளவறிதலுக்கு சிவாஜி கணேசனே சான்று. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) மேடை நாடகமாக நடந்து பிறகு படமானது. அதில் குரலும் உடலும் கடைசி வரிசை ரசிகரையும் எட்டும் அளவுக்கு ஓங்கி நிற்கும். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது அந்த நடிப்புக்குத்தான். அதே மனிதர் ‘முதல் மரியாதை’யில் குரலை அடக்கி, பார்வையாலும் தயக்கத்தாலும் பேசுகிறார். கத்தரிக்கோல் மட்டுமே நடிப்பைத் தந்திருந்தால் இந்த வேறுபாட்டை நடிகரே தேர்ந்து செய்திருக்க முடியாது.

இதைப் பார்க்க நம்மிடம் சொந்த அளவுகோலே உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, வெகுளி முதலான எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் காட்டுகிறது. அழுகைக்கு இழப்பும் காரணம், வறுமையும் காரணம். செய்யுளுக்குச் சொன்னதுதான், ஆனாலும் உணர்வு உடலில் எப்படித் தெரிகிறது என்ற கேள்வி திரைக்கும் பொருந்தும்.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள்: இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை ஒலியில்லாமல் போடுங்கள். கண், கை, நடை ஆகியவற்றில் கண்டதை மட்டும் மாணவர்கள் எழுதட்டும். எந்த மெய்ப்பாடு, என்ன காரணம் என்று விவாதிக்கட்டும். பிறகு ஒலியோடு போட்டு, இசையும் வசனமும் எதைக் கூட்டின என்று கேளுங்கள்.

“சூப்பரா நடிச்சாரு டீச்சர்” என்பது ரசனையின் தொடக்கம். ஏன் என்று விளக்கத் தமிழ்ச் சொற்களைத் தேடும்போது அது திறனாய்வு ஆகிறது. எல்லா நடிப்பும் கலையாகிவிடாது. எது கலை என்று பிரித்தறியக் கற்றுக்கொடுப்பது நம் வேலை. தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.