பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

தச்சநல்லூரில் மூட்டுவலிக்கு மருந்து கேட்டு வரும் தாய்மார்கள் சிலருக்கு உண்மையான உபாதை தூக்கமின்மைதான். மனச்சிதைவு நோயுள்ள மகன் ராத்திரி முழுக்க நடந்துகொண்டிருந்தால் அவர் எப்படிக் கண்ணயர்வார்? உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயே வருஷக்கணக்காகியிருக்கும். ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற பேச்சு வேறு! இது மூளையின் செயல்பாட்டில் வரும் நோய்; வளர்ப்பின் மேல் பழி போடாதீர்கள்.

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடித் தீயில் மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். பலர் சங்கிலியில் கிடந்தவர்கள். அங்கே விட்டுவந்த குடும்பங்களை ஏசுவது சுலபம். தோள் கொடுக்க ஆளிருந்தால் எத்தனை பேர் விட்டுவந்திருப்பார்கள்?

சென்னையில் 1989-லேயே இத்தகைய குடும்பத்தினர் கூடி ‘ஆஷா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நம் தெருவில் சங்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். “மைனி, ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன், நீங்க கொஞ்சம் கண்ணசருங்க” என்று சொன்னாலே போதும். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போகும்போது துணைக்குப் போங்கள். (சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: எங்கள் மருந்தை நம்பி மனநல டாக்டரின் மாத்திரையை நிறுத்தாதீர்கள்!) நடுராத்திரியில் மனசு தாங்கவில்லையா? 14416, ‘டெலி மனஸ்’. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நோயாளிக்கு மட்டுமல்ல, கவனிக்கிற உங்களுக்கும்தான்.