முன்சக்கர பிரேக்கை மாற்றும் முன்

மும்பை செம்பூரை அடுத்த திலக் நகரிலிருந்து புணே செல்லும் கார்களுக்குப் போகும் வழியில் ஏற்றம். பிரேக்குக்கு உண்மையான சோதனை திரும்பி வருகையில், கண்டாலா மலைச்சரிவில்தான். இறக்கமெங்கும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், ஒரு கட்டத்தில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், பிடிப்பும் தளரும். அந்த அச்சமே பலரை வெளிச்சந்தையில் கிடைக்கும் உயர்திறன் பிரேக் தொகுப்பை நாடச் செய்கிறது. பெரிய டிஸ்க், கூடுதல் பிஸ்டன்கள் கொண்ட காலிப்பர், வேறு வகை பேடுகள் ஆகியவை அதில் அடங்கும்.

அத்தொகுப்பு தீர்ப்பது வெப்பச் சிக்கலை. ஓடும் காரின் ஆற்றலைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகும்போது அவ்வாற்றல் நான்கு மடங்காகிறது. நிறுத்தும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. பெரிய டிஸ்க் அவ்வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் நகரச் சாலையில் ஒருவர் திடீரெனக் குறுக்கே வரும்போது நிலைமை வேறு. ஒரே மிதியில் ஏபிஎஸ் இயங்கத் தொடங்கிவிடுமானால், அதற்குமேல் நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பே. தேய்ந்த டயருக்குள் பளபளக்கும் சிவப்புக் காலிப்பர், எம் பார்வையில், வெறும் அலங்காரம்.

ஆகவே முதற்செலவு பிரேக் ஆயிலுக்கு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரமேறிய ஆயிலுக்கு 155 போதுமானது. அது கொதித்தால் குழாய்களில் ஆவி சேரும், பெடல் அமுங்கிப்போகும். பல கார்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நன்று. அடுத்து நல்ல பேடுகளும் டயர்களும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதற்குச் செலவே இல்லை.

இவற்றுக்குப் பின்னும் தொகுப்புத் தேவையெனில், உங்கள் கார் மாடலுக்கென வடிவமைத்ததையே வாங்குங்கள். பெரிய காலிப்பர் சக்கரத்துக்குள் உரசாமல் அமையுமா என்பதையும் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டாலும், கார்க் கடனின் மாதத் தவணை நிற்பதில்லை. ரசீதையும் கழற்றிய பழைய பாகங்களையும் பத்திரப்படுத்துங்கள்; காரை விற்கும் நாளில் வாங்குபவர் அவற்றைக் கேட்கக்கூடும்.