கலைவாணரும் கிந்தனாரும்

மறைந்துபோன நடிகர் ஒருவரை நினைவுகூர்வது எளிதெனத் தோன்றும். நகைச்சுவை நடிகர் திறத்தில் அஃது அத்துணை எளிதன்று. வீரனாக நடித்தவரின் வாள்வீச்சையும், பாடி நடித்தவரின் குரலையும் பிற்காலத்தார் கண்டும் கேட்டும் வியப்பர். சிரிப்போ காலத்தோடு கட்டுண்டது. தந்தையைச் சிரிக்கவைத்த பேச்சு மகனுக்கு விளங்காமலே போகலாம். 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், தமது 48ஆவது வயதிற் சென்னையிலே காலமான கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் சிரிப்பு இன்றும் விளங்குகின்றதே, அதற்குக் காரணம் யாது?

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஏழைக் குடும்பம்; படிப்பு அதிகமில்லை. நாடகக் கொட்டகையிலே சோடா விற்ற சிறுவன் பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவிற் சேர்ந்து நடிகனானான். 1930களின் நடுப்பகுதியிற் பேசும்படங்களுக்கு வந்தார். அக்காலப் படங்களில் நகைச்சுவைப் பகுதி மூலக்கதையோடு ஒட்டாது பெரும்பாலும் தனித்தே நின்றது. அதனைக் குறை என்பர் சிலர். அந்தக் குறையே அவருக்கு வாய்ப்பாயிற்று. துணைவியார் டி. ஏ. மதுரத்தோடும் தம் குழுவினரோடும் அப்பகுதிகளைத் தாமே அமைத்து நடித்தபடியால், தாம் சொல்ல விரும்பியதை அவற்றிலே வைத்துச் சொல்ல முடிந்தது.

1944ஆம் ஆண்டு பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே, எம். கே. தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் கைதானார். மறுவருடம் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947ஆம் ஆண்டு ஏப்பிரிலில் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலை பெற்றனர். அதன்பின் பாகவதரின் படங்கள் முன்போல ஓடவில்லை. கிருஷ்ணனோ சிறையிலிருந்து வந்து மீண்டும் மக்களைச் சிரிக்கவைத்தார். பிறர்க்கு வாரி வழங்கியே கைப்பொருளை இழந்தவர் என்பதும் அவரைப்பற்றி யாவரும் கூறுவது.

சென்னைத் தியாகராயநகரில் அவருக்கு எடுத்த சிலையை 1969ஆம் ஆண்டு ஜனவரியில், நோயால் நலிந்திருந்த முதலமைச்சர் அண்ணாதுரை திறந்துவைத்தார்; அடுத்த மாதமே அவரும் மறைந்தார். யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு அச்சிலை தொலைவிலுள்ளது. அண்மையிலுள்ளது கிந்தனார்.

நீர்வேலியிலே கோயில் திருவிழா இரவொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வாழைத் தோட்டங்களுக்கு அப்பாலும் ஒலிபெருக்கி கேட்கும். மிருதங்கமும் ஆர்மோனியமும் ஒலிக்க, கதாப்பிரசங்கம் செய்பவர் ஓரடி பாடி, பொருள் விரித்து, இடையிலே ஒரு பகடி சொல்லிக் கதையை நடத்துகின்றார். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரம் அவ்வாறு பலமுறை கேட்கப்பட்டது. அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் கிருஷ்ணன். உள்ளிருந்த பொருளை மாத்திரம் மாற்றினார். அண்ணாதுரை கதைவசனம் எழுதி 1949ஆம் ஆண்டு வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலே இதனைக் காணலாம்.

நந்தன் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினான். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தன் படிப்பதற்கு ஏங்குகின்றான். அங்கே தடுத்தவர் பண்ணையார். இங்கே தடுப்பவர் பள்ளிக்கூடத்து ஆசிரியர். கிந்தன் புகைவண்டியேறிப் பட்டணம் போகின்றான். எல்லாச் சாதியாரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் அந்தப் புகைவண்டியைத் தெய்வத்தைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து ஒரு பாட்டு! பின்னர் அவன் பள்ளிக்கூடப் பரிசோதகனாகி அதே ஊருக்குத் திரும்புகின்றான்.

சிரிப்பு எங்கே பிறக்கின்றது? தெய்வக்கதைக்குரிய நடையிலே இரயிலும் பரீட்சையும் பாடப்படுகின்றபோது பிறக்கின்றது. அது கிந்தனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பன்று. அக்காலத்து மேடைகளில் எளியவனின் பேச்சும் உடையும் நகைக்குரியனவாக இருந்தன. கிருஷ்ணன் அதனைத் திருப்பிவிட்டார்.

நீர்வேலி சங்கர பண்டிதர் பிறந்த ஊர். குடாநாடு முழுவதுமே கல்வியைத் தன் பெருஞ்செல்வமாகச் சொல்லிக்கொள்ளும். ஆயினும் அதே குடாநாட்டிலே சில பிள்ளைகள் வகுப்பறையில் வாங்கில் இருக்க விடப்படாது நிலத்தில் இருத்தப்பட்டனர். 1930ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனம் வழங்கவேண்டுமென விதி வந்தபோது எதிர்ப்பு மூண்டு, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. கிந்தனாரின் கதை இங்கே வந்தபோது இருபது வருடங்கள்கூட நிறையவில்லை. நிலத்தில் இருந்து படித்தவர்களும், அவ்வாறு இருத்தியவர்களும் ஒரே கொட்டகையிலே இருந்து அதனைக் கேட்டிருப்பர்.

குறையும் உண்டு. கிந்தன் ஒருவன் உயர்ந்தான். சேரியிலேயே நின்றுவிட்ட மற்றைப் பிள்ளைகள் என்னவானார்கள் என்று கதை சொல்வதில்லை. கணவன் மனைவி சண்டையை வைத்து அவர் செய்த பகடிகள் சில இன்று பழசாகிவிட்டன. கிந்தனார் பழசாகவில்லை. பரிசோதகன் வந்து நிற்கும் கட்டத்திலே சபை முழுவதும் சிரிக்கும். அங்கே ஓர் ஆசிரியர் இருந்தால், அவர் மாத்திரம் சற்றுத் தாமதித்தே சிரிப்பார்.