ஓர் இடத்திலிருந்து ஆயிரம் மடிக்கணினிகள்

கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. பிரிஞ்சாங்கைத் தாண்டி இன்னும் மேலே ஏறினால் கியா பார்ம். சாலையோரம் காய்கறி, ஸ்ட்ராபெரி கடைகள். அருகே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். பள்ளி விடுமுறை என்றால் கார்கள் நகரவே நகராது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே அடைபட்டுவிடும்.

இப்படியொரு மலையூர்ப் பள்ளியில் 40 மடிக்கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதன்கிழமை இணையவழிச் சோதனை. அதற்குள் எல்லாக் கணினிகளிலும் ஒரு செயலியை ஏற்ற வேண்டும். விளையாட்டுத் தளங்களை மூட வேண்டும். ஒரு கணினிக்கு அரை மணி நேரம் என்றாலும் மொத்தம் 20 மணி நேரம். தொழில்நுட்பர் மலையேறி வந்து, இரண்டு மூன்று நாள் தங்கித்தான் முடிக்க முடியும்.

ஆனால், அவர் ஈப்போவில் உட்கார்ந்தபடியே சில நிமிடங்களில் இதை முடிக்கலாம். அதற்குத் துணை நிற்பது மேகக் கணிமை. அந்தத் திறமைக்கு ஒரு சான்றிதழ்த் தேர்வும் உண்டு. அதில் என்ன கேட்கிறார்கள்? அதற்கு எப்படித் தயாராவது?

நம் பள்ளிகளுக்கு வந்த கதை

சாதாரண மடிக்கணினியில் செயலிகளும் கோப்புகளும் அதன் உள்ளேயே இருக்கும். குரோம்புக் அப்படியல்ல. பெரும்பாலான வேலை இணைய உலாவியில் நடக்கும். கோப்புகள் பெரும்பாலும் தொலைவிலுள்ள வழங்கிகளில் இருக்கும். கணினி உடைந்தாலும் வேறொரு குரோம்புக்கில் கணக்கைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

2011-இல் குரோம்புக் விற்பனைக்கு வந்தபோது, கூகுளில் குரோம் பிரிவை வழிநடத்தியவர் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது மலேசியப் பள்ளிகளை எட்டியது. நாட்டின் சுமார் 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் வழி, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கூகுள் கணக்குகளும் பள்ளிகளுக்குக் குரோம்புக்குகளும் வழங்கப்படும் என 2013-இல் அறிவிக்கப்பட்டது. அத்திட்டம் 2019-இல் முடிந்தது. 2020 ஜூனில் கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் தொடங்கியது.

டெலிமா கணக்கு உங்களிடமும் இருக்கும். கடவுச்சொல்லை மறந்தால் பள்ளியில் பொறுப்பாசிரியர் மாற்றித் தருகிறார் அல்லவா? அவர் செய்வது இந்தத் துறையின் முதல் படி.

தோட்டத்து ஒழுங்கு

நிர்வாகியின் முதன்மைக் கருவி ‘அட்மின் கன்சோல்’ என்னும் இணையப் பக்கம். நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளும் கணினிகளும் அதில் பிரிவு பிரிவாக அடுக்கப்பட்டிருக்கும்.

தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் டிவிஷன்கள், ஒவ்வொரு டிவிஷனிலும் தனித்தனிக் குழுக்கள். பெரிய நிர்வாகி ஓர் உத்தரவு போட்டால் அது எல்லாருக்கும் பொருந்தும். ஒரு டிவிஷனுக்கு மட்டும் வேறு ஏற்பாடு தேவையென்றால் அங்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இங்கும் அதே முறைதான். மேல் பிரிவில் போட்ட விதி, கீழுள்ள பிரிவுகளுக்குத் தானாக இறங்கும். கீழே மாற்றி எழுதினால் அந்தப் பிரிவில் அதுவே செல்லும். ‘மாணவர்கள்’ என்ற பிரிவில் காணொளித் தளத்தை மூடிவிட்டு, அதன் கீழுள்ள ‘ஐந்தாம் படிவம்’ பிரிவுக்கு மட்டும் திறந்துவிடலாம்.

ஆபத்தும் இதில்தான். மாணவர்களுக்கென நினைத்த தடையை உச்சிப் பிரிவில் போட்டுவிட்டால், ஆசிரியர்களும் அலுவலகமும் சேர்ந்தே முடங்கும். ஒரு சொடுக்கில் ஆயிரம் கணினிகளைச் சரிசெய்ய முடிகிறவரால் ஒரு சொடுக்கில் ஆயிரத்தையும் கெடுக்கவும் முடியும். எந்த விதியை எந்தப் பிரிவில் வைப்பது என்ற நிதானத்தைத்தான் இந்தத் தேர்வு அளக்கிறது.

ஒரு கேள்வி, உங்களுக்கும்

பள்ளி நிர்வாகி மாணவர் கணக்குகளுக்கு விளையாட்டுத் தளங்களை மூடிவிட்டார். ஆனால், ஒரு மாணவன் அதே பள்ளிக் குரோம்புக்கில் விளையாடிக்கொண்டிருக்கிறான். எப்படி? படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அவன் பள்ளிக் கணக்கில் நுழையவில்லை. தன் சொந்த ஜிமெயில் கணக்கில் நுழைந்திருக்கிறான். விதிகள் இரு வகை. ஒன்று பயனர் விதி: அது கணக்கைத் தொடரும். வீட்டுக் கணினியில் உள்ள குரோம் உலாவியில் பள்ளிக் கணக்கைத் திறந்தாலும் பின்னாலேயே வரும். இன்னொன்று சாதன விதி: அது கணினியோடு ஒட்டியிருக்கும், யார் நுழைந்தாலும் செல்லும். அந்தத் தடை பயனர் விதியாக இருந்ததால் சொந்தக் கணக்கை அது தொடவில்லை.

ஆகவே, பள்ளிக் கணக்குகள் மட்டுமே நுழையலாம் என்ற சாதன விதியைப் போட வேண்டும். அதோடு விருந்தினர் நுழைவையும் மூட வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

வரிசை தவறினால்

புதிய குரோம்புக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் என்ன செய்வீர்கள்? ஆசையாகக் கணக்கைத் திறந்து பார்ப்போம். நிர்வாகி அதைச் செய்யக்கூடாது. யாரும் நுழைவதற்கு முன்பே, கண்ட்ரோல், ஆல்ட், இ ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி, நிறுவனத்தின் பெயரில் கணினியைப் பதிவுசெய்ய வேண்டும். முதலில் ஒருவர் நுழைந்துவிட்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க நேரிடும்.

பதிவான கணினி திருடு போனால் அதைத் தொலைவிலிருந்தே முடக்கலாம். உள்ளிருப்பதை அழித்தாலும், மீண்டும் நிறுவனத்தில் பதிவாகும்படி கணினி வற்புறுத்தும். கணினி ஒவ்வொரு முறை எழும்பும்போதும், இயங்குதளத்தில் யாரேனும் கைவைத்திருக்கிறார்களா எனத் தானே சரிபார்க்கும். உள்ளே இயங்குதளத்தின் இரு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று ஓடும்போது மற்றொன்றில் புதுப்பிப்பு எழுதப்படும். புதியது சரியாக எழும்பாவிட்டால் பழையதற்குத் திரும்பிவிடும்.

மெல்லிய இணையத்தில்

மலைப்பகுதியில் இணைய வேகம் குறைவாக இருக்கலாம். 40 கணினிகளும் ஒரே நேரத்தில் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கினால் பாடம் நின்றுவிடும். இதற்கும் வழியுண்டு. புதுப்பிப்பைப் பல நாள்களுக்குப் பரப்பி, கணினிகள் வெவ்வேறு நேரங்களில் பெறுமாறு அமைக்கலாம். ஒரு கணினி இறக்கியதைப் பக்கத்துக் கணினிகள் வாங்கிக்கொள்ளவும் விடலாம். கெட்டிக்கார நிர்வாகி சில கணினிகளை மட்டும் சோதனைப் பதிப்பில் வைத்திருப்பார். கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், மற்றவை தப்பிக்கும்.

ஒன்றை மறக்கக்கூடாது. குரோம்புக் வகை ஒவ்வொன்றுக்கும் புதுப்பிப்பு முடியும் நாள் உண்டு. அதன்பின் கணினி ஓடினாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. 2021 முதல் வெளியான வகைகளுக்கு இந்தக் காலம் 10 ஆண்டுகள் என 2023-இல் கூகுள் அறிவித்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய வகையை வாங்கினால், சீக்கிரமே குப்பைக்குப் போகும் கணினியை வாங்கியதாகிவிடும்.

எப்படித் தயாராவது?

கூகுள் நடத்தும் தொழில்முறை குரோம்ஓஎஸ் நிர்வாகி தேர்வு, ஓரளவு பணி அனுபவம் உள்ளவர்களுக்கானது. விதிகள், பயனர் அடையாளம், பாதுகாப்பு, கன்சோலில் அன்றாட வேலை, குரோம்ஓஎஸ் அடிப்படை ஆகியவை பாடங்கள். ஆங்கிலத்தில் எழுதலாம். வயது நிபந்தனையும் கட்டணமும் மாறக்கூடியவை. பதிவுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு நிறுவனத்தின் கருவிக்கான சான்றிதழ்தான். மைக்ரோசாப்டின் இன்டியூன் போன்ற கருவிகளும் நிறுவனக் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கவே பயன்படுகின்றன. பொத்தான்களின் இடம் மாறும். பிரிவு, விதி, பதிவு, புதுப்பிப்பு என்ற நான்கும் அங்கும் இருக்கும். பொத்தான்களை மனப்பாடம் செய்பவர் கருவி மாறினால் திணறுவார். காரணத்தைப் புரிந்துகொண்டவர் திணறமாட்டார்.

செய்து பாருங்கள்

1. டெலிமா கணக்கோடு குரோம் உலாவியைத் திறங்கள். முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் ‘குரோம்’ எனத் தட்டி, முக்காற்புள்ளி, இரு சாய்கோடுகள், பிறகு ‘பாலிசி’ எனத் தட்டுங்கள். உங்கள் மேல் ஏதேனும் விதிகள் இருந்தால் பட்டியலாகத் தெரியும்.

2. உங்கள் பள்ளியை ஒரு தாளில் மரமாக வரையுங்கள்: ஆசிரியர், அலுவலகம், மாணவர், படிவங்கள். ‘இரவு 10 மணிக்குமேல் காணொளி கூடாது’ என்ற விதியை எந்தக் கிளையில் வைப்பீர்கள்? அது யாரைத் தவறாகப் பாதிக்கும்?

இரண்டாவது கேள்விக்கு நண்பரோடு வாதாடிப் பாருங்கள். இருவர் இரு கிளையைக் காட்டினால், தயாரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.