முதுகில் போடும் ஊசி

சிசேரியன் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "முதுகுல ஊசி போட்டா காலம் பூரா இடுப்பு வலிக்குமாமே?" என்பதுதான். நான் வியாபாரி, மருத்துவன் அல்லன். படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்பவர் தொடங்கிவைத்த முறை இது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் முதலிரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடும். ஊசி அதற்கும் கீழே, நரம்பிழைகள் நீரில் மிதக்கும் இடத்தில் இறங்குகிறது. ஏறக்குறைய 2 மில்லி மருந்துதான். சில நிமிஷத்தில் மார்புக்குக் கீழே மரத்துப்போகும். தாய் விழித்திருந்தே குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கலாம். முழு மயக்கத்தில், இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. இதில் அது மிகக் குறைவு.

குறையே இல்லையா? உண்டு. இரத்த அழுத்தம் இறங்கும். உடனே மருந்து கொடுத்துச் சரிசெய்வார்கள். சிலருக்குத் தலைவலி வரும். மெல்லிய பென்சில்முனை ஊசி வந்தபின் அதுவும் குறைந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கோ பெரும்பாலும் கர்ப்பகாலச் சுமையும், குனிந்து பால் கொடுப்பதுமே காரணம்.

இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்லணும். பாஷை புரியாத ஊரில் கடைசி நேரத்தில் பயந்துபோய் மறுக்காதீங்க. முன்கூட்டியே, பாஷை தெரிந்த ஒருவரோடு போய் மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.